மான் வேட்டை: மரத்தில் பரணா, தரையில் மறைவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: மரத்தில் ஏறி உட்காரலாமா, தரையிலேயே இருக்கலாமா? இங்கே 'ட்ரீ ஸ்டாண்ட்' என்று சொல்வதை நான் பரண் என்றே எழுதுகிறேன். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிற சொல் அது. தரையில் விரிக்கும் 'கிரவுண்ட் பிளைண்ட்' என்பதை மறைகூடாரம் என்கிறேன். இரண்டிலும் பல சீசன்கள் உட்கார்ந்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

உங்கள் நிலத்தையும் அன்றைய காற்றையும் பொறுத்தது. மான் வரும் தடத்துக்குக் காற்று சாதகமாக, அதாவது மானிடமிருந்து நம்மை நோக்கி வீசுகிற பக்கம் நல்ல மரம் இருந்தால் பரண் நல்லது. இல்லையென்றால் தரை. பரண் வாங்கிவிட்டோமே என்பதற்காகத் தப்பான பக்கத்து மரத்தில் ஏறி உட்காருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு ஏற்ற இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

மான் நம்மை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்கால், காதால், கண்ணால். வரிசையும் அதுதான். கண்ணால் பார்த்த மான் சில சமயம் சந்தேகப்பட்டு நிற்கும், தலையை ஏற்றி இறக்கிப் பார்க்கும், முன்காலைத் தரையில் தட்டும். மூக்கில் மனித வாடை பட்ட மான் பெரும்பாலும் யோசிக்காது, ஓடிவிடும்.

கண்ணைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மானின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் ஒரு சிறு பகுதி தவிர சுற்றிலும் பார்க்கும். நிறத்தில் நம்மைவிடக் குறைவு. நமக்குக் கண்ணில் மூன்று வகை நிற உணரிகள் உண்டு, மானுக்கு இரண்டுதான். ஆரஞ்சையும் சிவப்பையும் அதனால் பச்சையிலிருந்து சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் உட்படப் பலவும் இதையே சொல்கின்றன. ஆகவே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையில் தைரியமாக உட்காரலாம், நீல ஜீன்ஸில் உட்காரக் கூடாது. துணியைப் பளிச்சென்று காட்டும் சலவைத்தூளையும் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் பொருள் புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக ஒளிரும். அந்த ஒளி மான் கண்ணுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நிறத்தைவிட முக்கியம் அசைவு. தரையில் இருப்பவருக்கும் பரணில் இருப்பவருக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பரணில் நீங்கள் மானின் பார்வை மட்டத்துக்கு மேலே இருக்கிறீர்கள், சிறு அசைவு தப்பிவிடும். தரையில், மறைப்பு எதுவும் இல்லாமல், 20 கஜத்தில் நிற்கிற மானுக்கு முன்னால் வில்லை இழுப்பது என்பது மிகக் கடினமான காரியம்.

உயரத்தில் இருந்தால் நம் வாடை மானுக்குப் போகாதாமே?

போகும். ஓரளவு காற்று நன்றாக வீசினால், உயரத்தில் இருக்கும் உங்கள் வாடை பக்கத்தில் நிற்கிற மானின் தலைக்கு மேலே கடந்து, தூரத்தில் போய்த்தான் இறங்கும். அந்த அளவுக்கு உண்மை. அதை வைத்து "20 அடி ஏறிவிட்டால் காற்றைப் பார்க்க வேண்டாம்" என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

மலைச்சரிவுகளில் இன்னொன்றும் சேரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, காற்று சரிவோடு மேலே ஏறும். மாலையில் வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தை நோக்கி வழியும், தண்ணீர் ஓடுவது போலவே. மாலை வேட்டைக்குச் சரிவின் மேல்பாதியில் பரண் கட்டி, கீழே ஓடைப்பக்கம் மான் வரும் என்று காத்திருந்தால், கடைசி அரைமணி நேரத்தில், அதாவது மான் வருகிற அதே நேரத்தில், உங்கள் வாடை முழுவதும் ஓடைக்கு இறங்கிவிடும். அதே மரம் காலையில் மிக நல்ல மரமாக இருக்கலாம். ஒரே இடம் காலைக்கு நல்லது, மாலைக்குக் கெட்டது என்பது புதியவர்களுக்குப் பிடிபடவே ஒரு சீசன் ஆகும்.

ஒரு சின்ன டப்பாவில் டால்கம் போன்ற வாசமில்லாத பொடியை வைத்துக்கொண்டு அவ்வப்போது ஊதிப் பாருங்கள். மில்க்வீட் என்ற, நம் எருக்கு போன்ற செடியின் பஞ்சு இருந்தால் இன்னும் நல்லது. பொடி சீக்கிரம் மறைந்துவிடும், பஞ்சு வெகுதூரம் மிதந்து போவதைக் கண்ணால் பின்தொடரலாம். காற்று எங்கே திரும்புகிறது, எங்கே சுழல்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

மான் மேலே பார்க்காது என்கிறார்களே?

பார்க்கும். வேட்டைக்காரர்கள் அதிகம் வரும் காடுகளில் வயதான பெட்டை மான்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே வருவதைக் கண்டிருக்கிறேன்.

எத்தனை அடி உயரத்தில் கட்ட வேண்டும்?

பெரும்பாலானோர் 15 முதல் 25 அடிக்குள் கட்டுகிறார்கள். என் கணக்கு 16, 18 அடி. உயரத்தைவிட உங்கள் பின்னால் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். முதுகுக்குப் பின்னே தடித்த அடிமரமோ, கவட்டையோ, இலையடர்ந்த கிளையோ இருந்தால் 15 அடியே போதும். ஒல்லியான மொட்டை மரத்தில் 25 அடி ஏறினாலும் வானத்துக்கு எதிரே கரும்புள்ளியாகத் தெரிவீர்கள். அக்டோபரில் இலை மறைவில் அருமையாக இருந்த இடம் நவம்பரில் இலை உதிர்ந்ததும் அம்மணமாகிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உயரம் ஏறஏற அம்பு விடும் கோணம் செங்குத்தாகும். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். தரையிலிருந்து விட்டால் அம்பு ஒரு நுரையீரலில் நுழைந்து மற்றதையும் துளைத்து வெளியே போகும். மேலிருந்து செங்குத்தாக விட்டால் ஒரு நுரையீரலை மட்டும் கிழித்துவிட்டு இறங்கலாம். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் போய்விடும், கிடைக்காமலும் போகலாம். உயிர் போகப் பல மணி நேரம் ஆகும். எனக்கு இதைவிடப் பெரிய பாவம் வேட்டையில் கிடையாது. அதனால் மரத்தடிக்கு ஐந்தாறு கஜத்தில் நிற்கிற மானை விட்டுவிடுங்கள். அது 15, 20 கஜம் நகரும்வரை காத்திருங்கள். அம்பு மானின் உடல்மேல் எங்கே படும் என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பக்கம் எங்கே வெளியே வரும் என்று யோசித்து வையுங்கள்.

தூரக் கணக்கு பற்றிப் பயப்பட வேண்டாம். 20 அடி உயரத்திலிருந்து தூரமானி 20 கஜம் என்று காட்டினால், கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 19 கஜம். இந்த ஒரு கஜம் யாரையும் தவறவைக்காது. தவறவைப்பது உடம்பு நிற்கும் விதம். கையை மட்டும் தாழ்த்தினால் வில் இழுக்கும் நிலை கெட்டு, அம்பு மேலே போகும். முதலில் நேராகப் பிடித்து இழுத்து, அப்புறம் இடுப்பை மடக்கிக் குனியுங்கள்.

பரணில் என்னென்ன வகை?

ஏணியோடு சேர்ந்தே வருவது ஏணிப்பரண். கனமானது, நிலையானது, ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது, ஒருமுறை வைத்தால் அங்கேயே இருக்கும். தனியாக வாரால் மரத்தில் கட்டும் தொங்குபரண் இலேசானது. அதற்கு ஏறும் குச்சிகள் (மரத்தில் கட்டி மிதித்து ஏறும் படிகள்) தனியாக வேண்டும். கிளைம்பர் என்பது இரண்டு துண்டு. கையால் மேல்துண்டையும் காலால் கீழ்த்துண்டையும் மாற்றி மாற்றி நகர்த்தி ஏறுவது. கிளையில்லாத நேரான மரம்தான் அதற்கு ஆகும். இரண்டு துண்டையும் ஒரு கயிற்றால் இணைத்தே ஏறுங்கள். கீழ்த்துண்டு காலிலிருந்து நழுவி விழுந்தால் மேலே மாட்டிக்கொள்வீர்கள். சேடில் என்பது பரணே இல்லை. இடுப்பு வாரில் மரத்தைப் பார்த்தபடி சாய்ந்து தொங்குவது. இலேசு, பெரும்பாலான மரங்களில் ஏறலாம், ஆனால் பழகாமல் போகக் கூடாது.

எந்த மரத்தில் கட்டலாம்?

உயிருள்ள, நேரான, உறுதியான மரம். ஓக் நல்லது. ஷாக்பார்க் ஹிக்கரி மரத்தின் பட்டை துண்டு துண்டாக உரிந்து சத்தம் போடும், கிளைம்பருக்கு ஆகாது. ஆஷ் மரத்தை அடியோடு மறந்துவிடுங்கள். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் வண்டு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் பரவி ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. செத்த ஆஷ் மரம் சீக்கிரம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே பார்க்க நன்றாக நிற்கும், மேலே கிளை எப்போது விழும் என்று தெரியாது. அதற்குப் பக்கத்து மரத்தில்கூட உட்காராதீர்கள்.

விழுந்துவிட்டால்? ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வார்) கட்டாயமா?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பரணில் போய் உட்கார்ந்த பிறகு ஹார்னஸை மரத்தோடு மாட்டுவது பாதி வேலைதான். பலபேர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், குறிப்பாக ஏணியிலிருந்து பரணுக்கு அடி எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடியிலும். அதற்குத்தான் உயிர்க்கயிறு. பரணுக்கு மேலே மரத்தில் கட்டித் தரைவரை தொங்கவிட்ட ஒரு கயிறு, அதில் புரூசிக் முடிச்சு. முடிச்சைக் கையால் நகர்த்திக்கொண்டே ஏறலாம், உடம்பின் பாரம் திடீரென்று விழுந்தால் அது இறுகி நின்றுவிடும். தரையில் நிற்கும்போதே மாட்டி, திரும்பத் தரையில் கால் வைத்த பிறகே கழற்ற வேண்டும். மேலே உட்கார்ந்ததும் முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிவையுங்கள், தொய்வு இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் அவ்வளவு தூரம் விழுந்த பிறகுதான் கயிறு பிடிக்கும்.

ஹார்னஸில் தொங்குவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. தொடை வார்கள் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கால்களில் இரத்தம் தேங்கி, மயக்கம் வரலாம், உயிரே போகலாம். இதற்கென்று ஹார்னஸோடு ஒரு கால்வார் வரும். தொங்கும்போது அதில் காலை ஊன்றி நிற்க வேண்டும். கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். கைபேசியும் விசிலும் மார்புப் பையில் இருக்கட்டும், முதுகுப்பையில் அல்ல. எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

என் கதை ஒன்று. ஒரு வருடம் சீசன் முடிந்ததும் தொங்குபரணை அவிழ்க்காமல் விட்டுவிட்டேன். அடுத்த செப்டம்பரில் போய்ப் பார்த்தபோது வார் நன்றாகத்தான் இருந்தது, முன்பக்கம். காலை வைத்ததும் பரண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மரத்தின் பின்பக்கத்தில் வாரை அணில் பாதிக்கு மேல் கடித்திருந்தது. மீதியை வெயில் நைந்துபோக வைத்திருந்தது. மரமும் அந்த ஒரு வருடத்தில் பருத்து வாரை இழுத்திருந்தது. கயிற்றில் மாட்டியிருந்ததால் இதை இப்போது எழுதுகிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சீசன் முடிவிலும் பரணைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். வாரைக் கையால் தடவிப் பார்க்காமல் ஏறுவதில்லை. ஹார்னஸுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பாருங்கள். ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது.

இன்னும் ஒன்று: வில்லையோ துப்பாக்கியையோ தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போய் உட்கார்ந்து, மாட்டிக்கொண்ட பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, குழல் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

மறைகூடாரத்தை எப்படி, எங்கே வைப்பது?

சீசனுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வைத்துவிடுங்கள். நேற்று இல்லாத ஒரு பெட்டி இன்று நின்றால் மான் சுற்றிப் போகும். பழகிவிட்டால் பக்கத்திலேயே மேயும். புதரையோ விழுந்த மரத்தையோ ஒட்டி வைத்து, அங்கே கிடைக்கிற கிளைகளையே செருகிக் கூடாரத்தின் விளிம்பு தெரியாமல் செய்யுங்கள். திறந்த வயல் நடுவே வைப்பதாக இருந்தால் இன்னும் முன்பே வைக்க வேண்டும்.

உள்ளே கறுப்பு உடை. முகமும் கையும் மறைந்திருக்கட்டும். பின்பக்க ஜன்னல்களை மூடிவிடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் உருவம் நிழற்படம் போலத் தெரியும். தரையில் கிடக்கும் சருகையும் குச்சியையும் வெறும் மண் தெரியும்வரை பெருக்கி எடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எத்தனையோ மான்களை நான் விரட்டியிருக்கிறேன். நாற்காலி கிரீச்சிடக் கூடாது. உட்கார்ந்தபடியே வில்லை முழுதாக இழுத்து, ஜன்னல் உயரம் சரியா, வில்லின் முனை துணியில் இடிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கிராஸ்போவின் (துப்பாக்கி போலப் பிடித்து விசையால் விடும் குறுக்குவில்) கைகள் பக்கவாட்டில் விரிந்து நிற்பதால் அதற்கு இன்னும் இடம் வேண்டும். அதன் அம்பு குறிக்கண்ணாடியைவிடத் தாழ்வாகக் கிளம்பும். குறிக்கண்ணாடியில் மான் தெரிகிறது என்பதால் அம்பும் ஜன்னலைத் தாண்டும் என்று அர்த்தமில்லை.

கூடாரம் வாடையை ஓரளவு அடைத்துவைக்கும், முழுதாக அல்ல. காற்றுக் கணக்கு இங்கேயும் அதேதான்.

கூடாரமே இல்லாமல் தரையில் வேட்டையாட முடியுமா?

முடியும். எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். விழுந்த மரத்தின் வேர்த்தட்டு, பாறை இடுக்கு, ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தடி என்று முதுகைக் கொடுக்க ஒரு இடம் கிடைத்தால் போதும். மழை பெய்து சருகு நனைந்திருக்கும் நாளில், எதிர்காற்றில், இரண்டடி வைத்து ஒரு நிமிடம் நின்று, காட்டைக் கண்ணால் துழாவிக்கொண்டே நகரலாம். முழு மானைத் தேடாதீர்கள். ஒரு காது, ஒரு கிடைக்கோடான முதுகு, ஒரு வால் அசைவு, இப்படித்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் நூறு கஜம் நகர்ந்தால் அது வேகம்.

வில்லோடு இப்படிப் போனால் வெறுங்கையோடு திரும்பும் நாட்களே அதிகம். ஆனால் தடங்களையும், மான் படுக்கும் இடங்களையும், அது ஓக் கொட்டை தின்ன எந்த வழியாக வருகிறது என்பதையும் காலால் நடந்தே கற்றுக்கொள்வீர்கள். பிறகு எந்த மரத்தில் பரண் கட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

துப்பாக்கி என்றால் கணக்கு மாறுமா?

மாறும். தூரம் கூடுவதால் மறைந்திருக்கும் அவசியம் குறைகிறது, தரையில் இருப்பது எளிதாகிறது. ஆனால் பரணிலிருந்து சுடும் தோட்டா மானைத் தாண்டினாலும் மண்ணில் புதையும். தரையிலிருந்து சுடுவது மட்டமாகப் போகும். மானுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா, வீடு இருக்கிறதா, வேறொரு வேட்டைக்காரர் இருக்கிறாரா என்று தெரியாமல் விசையைத் தொடக் கூடாது. கூடாரத்துக்குள் இருந்தால், மற்ற வேட்டைக்காரர்கள் பார்க்கவென்று நீங்கள் போட்டிருக்கும் ஆரஞ்சு வெளியே தெரியாது. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கூடாரத்தின் மேலும் சுற்றிலும் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள்.

மரமே இல்லாத இடங்களில்?

கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற புல்வெளி மாநிலங்களிலும், தெற்கு டெக்சாஸின் முட்புதர்க் காட்டிலும் பரண் கட்ட மரம் அரிது. அங்கே கூடாரமோ, முக்காலி மேடையோ, கால்கள் வைத்த பெட்டி அறையோதான். பென்சில்வேனியா, ஒஹாயோ, மிச்சிகன் பக்கத்துக் கடின மரக்காடுகளில் எல்லா வழியும் திறந்திருக்கிறது.

குளிர்?

பரணில் காற்று ஊசிபோல் குத்தும், எழுந்து நடக்கவும் முடியாது. கூடாரத்தில் காற்றடிக்காது, சிலர் சின்ன எரிவாயு ஹீட்டர் வைத்துக்கொள்கிறார்கள். வைத்தால் ஒரு ஜன்னலையாவது திறந்துவையுங்கள். ஹீட்டரிலிருந்து வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

பிள்ளையையோ வயதானவரையோ கூட்டிப்போனால்?

தரை, கூடாரம். பிள்ளைகள் நெளிவார்கள், கிசுகிசுப்பார்கள், தின்பண்டம் கேட்பார்கள். கூடாரம் இதையெல்லாம் மறைக்கும். முட்டிவலி உள்ளவரை ஏணி ஏறச்சொல்லாதீர்கள்.

அடித்த மானைத் தேடுவதில் வித்தியாசம் உண்டா?

உண்டு. மேலிருந்து விட்ட அம்பு உள்ளேயே தங்கிவிட்டால், நுழைந்த காயம் உடம்பின் மேல்பகுதியில் இருப்பதால் இரத்தம் மார்புக்குள்ளேயே நிரம்பும், தரையில் துளிகூடத் தெரியாமல் வெகுதூரம் போகலாம். தாழ்வான வெளிக்காயம் இருந்தால்தான் தடம் தெளிவாக விழும். தரையிலிருந்து விட்டால் இரண்டு காயமும் ஏறக்குறைய ஒரே உயரம். ஆனால் மான் எந்த வழியாக ஓடியது என்பதைப் பரணிலிருந்து பார்ப்பது எளிது. கடைசியாக அது மறைந்த மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் காடே வேறு மாதிரி தெரியும்.

நுரையீரலில் பட்டது என்று நம்பினாலும் அரைமணி நேரம் உட்காருங்கள். குடலில் பட்டிருந்தால், அம்பில் பச்சை நிறமும் நாற்றமும் இருக்கும். அப்போது ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் படுத்த மான் எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, உரிமம், எந்தத் தேதியில் எந்த ஆயுதம் என்பதோடு, பொது நிலத்தில் பரண் விஷயத்திலும் தனி விதிகள் உண்டு. பல இடங்களில் மரத்தில் ஆணியோ திருகுப்படியோ அடிக்கக் கூடாது, பரணில் உரிமையாளர் அடையாளம் இருக்க வேண்டும், சீசன் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். துப்பாக்கி சீசனில் பென்சில்வேனியா தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சு கேட்கிறது. உங்கள் மாநில வனவிலங்குத் துறையின் அந்த வருடத்துக் கையேட்டைப் படியுங்கள்.

இதை இந்தியாவில் செய்யலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

முதல் வருடம் நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

ஒரு மறைகூடாரமும் சத்தமில்லாத நாற்காலியும் போதும். காற்றுத் திசை வேறான இரண்டு இடங்களைப் பார்த்து வையுங்கள். காற்று சரியில்லாத நாளில் போகாமல் இருந்துவிடுங்கள். பக்கத்தில் அனுபவப்பட்டவர் யாராவது இருந்தால் கோடையிலேயே அவரோடு ஹார்னஸ் மாட்டி, உயிர்க்கயிற்றில் ஏறி இறங்கிப் பழகுங்கள். முதலில் பகலில், நாலடி உயரத்தில். இருட்டில் கையுறையோடு அதே வேலையைத் தடுமாறாமல் செய்ய முடிகிறபோது பரண் வாங்கலாம்.